பத்து பேருக்கு அனுப்பினா தூக்கம் வருமா?

"இந்த ஜெபத்தை மூணு தடவை சொல்லிட்டுப் படுங்க, அஞ்சு நிமிஷத்துல தூக்கம் வரும். பத்து பேருக்கு அனுப்புங்க."

இந்த ரக மெசேஜ் வராத கிறிஸ்தவக் குடும்ப வாட்ஸ்ஆப் குரூப் கேளம்பாக்கத்துல இருக்குமா? வர்ற நேரத்தைக் கவனிங்க. ராத்திரி பதினொன்றரை! கண்ணு சொக்குற நேரத்துல போன் சத்தம் போடும். எடுத்துப் பார்த்தா, தூக்கத்துக்கான ஜெபம்.

கோபம் ஜெபத்து மேல இல்லைங்க. ஜெபத்தைத் தூக்க மாத்திரை ஆக்கிட்டாங்களேன்னுதான் கோபம். மூணு தடவை சொல்லியும் தூக்கம் வராதவங்க நிலைமையை யோசிச்சுப் பாருங்க. தூக்கமும் போச்சு, "நம்ம விசுவாசத்துல ஏதோ குறை போல"ங்கிற பயமும் வந்து பக்கத்துல படுத்துக்கும்.

(மொதல்ல ஒரு விஷயம். இது புது பஸ் ஸ்டாண்டு இருக்கிற கிளாம்பாக்கம் இல்லை. ஓ.எம்.ஆர். ரோட்டுல, கோவளத்துக்குத் திரும்புற இடத்துல இருக்கிற கேளம்பாக்கம். ஆட்டோக்காரங்ககிட்ட சொல்ற அதே விளக்கம்தான்.)

தூக்கம் கெடுறதுக்கு இந்த ஊருல காரணத்துக்குப் பஞ்சமே இல்லை. பக்கத்துல சிறுசேரி சிப்காட். அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்த்துட்டு, பால் பாக்கெட் வர்ற நேரத்துல வீடு திரும்புறவங்க நிறைய. ரோட்டுல லாரி. அபார்ட்மென்ட்ல ஈ.எம்.ஐ. கவலை. கிழக்கே திரும்பி உப்பளத்தையும் கழிவெளியையும் தாண்டினா கோவளம். அங்க மீன்பிடிக்கிற குடும்பங்களுக்கு ராத்திரிங்கிறது பாதி வேலை நேரம். படகு கடலுக்குப் போயிருந்தா வீட்டுல இருக்கிறவங்களுக்குத் தூக்கம் எப்படி வரும்?

அதே கோவளத்துல கார்மேல் மாதா கோயில் இருக்கு. 1808-ல கட்டினவர் ஜான் டி மான்ட்டிங்கிற பெரிய வியாபாரி. பேரைக் கேட்டதும் சிலருக்குத் தூக்கிவாரிப் போடும். ஆமா, 2015-ல வந்த 'டிமான்ட்டி காலனி' பேய்ப் படத்துக்குப் பேர் கொடுத்தவர் அவர்தான். சினிமாவுல எத்தனையோ பேர் தூக்கத்தைக் கெடுத்த மனுஷன், நிஜத்துல தான் கட்டின கோயில்லயே அடக்கமாகி இருக்கார். இருட்டுன்னா மனுஷனுக்கு அன்னைக்கும் பயம், இன்னைக்கும் பயம். ராத்திரி ஜெபம் பிறந்ததே பாதி அந்தப் பயத்துலதான்.

சரி, "விசுவாசம் இருந்தா தூக்கம் தானா வரும்"னு சொல்றவங்களுக்கு வருவோம். பைபிளைத் திறந்து பார்த்தா தூக்கம் வராதவங்க கூட்டமே இருக்கு. எஸ்தர் புத்தகத்துல பாரசீக ராஜா அகாஸ்வேருவுக்கு ஒரு ராத்திரி தூக்கம் வரலை. நாளாகமப் புத்தகத்தைக் கொண்டு வரச் சொல்லி, படிக்கச் சொல்லிக் கேட்டுக்கிட்டே முழிச்சிருக்கார். தானியேலைச் சிங்கக் கெபியில போட்டுட்டு தரியு ராஜாவுக்குத் தூக்கம் பிடிக்கலை. ராஜாக்களை விடுங்க, பக்தர்கள் கதை என்ன? 77-ஆம் சங்கீதத்துல பாடுறவர், கடவுளே தன்னோட கண் இமையை மூட விடலைன்னு புலம்புறார். 6-ஆம் சங்கீதத்துல இன்னொருத்தர் ராத்திரி முழுக்க அழுது படுக்கையை நனைக்கிறார். இவங்களை எல்லாம் விசுவாசக் குறைவுன்னு யாராவது சொல்வாங்களா?

எல்லாத்தையும் விட முக்கியமானது எலியா கதை. இராஜாக்கள் முதல் புத்தகம், 19-ஆம் அதிகாரம். யேசபேல் ராணி கொல்லப் போறேன்னு மிரட்டினதுல ஓடின மனுஷன், வனாந்தரத்துல ஒரு சூரைச்செடி கீழே உட்கார்ந்து, "போதும், செத்துப் போறேன்"ங்கிற அளவுக்கு உடைஞ்சு போயிட்டார். அப்படியே தூங்கிட்டார். தேவதூதன் வந்து என்ன பண்ணினான்? பிரசங்கம் பண்ணலை. தட்டி எழுப்பி, தணல்ல சுட்ட அடையும் ஒரு குடுவைத் தண்ணியும் கொடுத்தான். எலியா சாப்பிட்டுட்டு மறுபடியும் படுத்துட்டார். தூதன் அதுக்கும் திட்டலை. ரெண்டாவது தடவை எழுப்பி மறுபடியும் சாப்பாடு கொடுத்தான். கடவுள் அவர்கிட்ட கேள்வி கேட்டதெல்லாம் அதுக்கு அப்புறம்தான். களைச்சுப் போனவனுக்கு முதல்ல தூக்கம், சோறு, தண்ணி. புத்திமதி பிறகு. ஜெபக்குழு நடத்துற ஒவ்வொருத்தரும் இந்த ஒரு அதிகாரத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கணும்.

அப்போ ராத்திரி ஜெபத்தால பிரயோஜனமே இல்லையான்னா, நிறைய இருக்கு. ஆனா பழைய திருச்சபை அதை அமைச்ச விதமே வேற.

6-ஆம் நூற்றாண்டுல இத்தாலியில புனித பெனடிக்ட்னு ஒருத்தர் துறவிகளுக்கு ஒரு ஒழுங்கு எழுதினார். படுக்கப் போறதுக்கு முன்னாடி சொல்ற ஜெபத்துக்கு அவர் வச்சது மூணே சங்கீதம்: 4, 91, 134 (கத்தோலிக்க பைபிள்ல திருப்பாடல்னு இருக்கும்). தினமும் அதே மூணு. மாத்தவே கூடாது. முடிஞ்ச பிறகு யாரும் பேசக் கூடாது. இதுல சுவாரஸ்யமான ஒண்ணு: சாயங்காலம் எல்லாரும் உட்கார்ந்து ஏதாவது படிக்கணும்னு சொன்னவர், பைபிளோட முதல் ஏழு புத்தகமும் இராஜாக்கள் புத்தகமும் மட்டும் அந்த நேரத்துல வேண்டாம்னுட்டார். பலவீனமான மனசுக்கு அந்த நேரத்துல அது நல்லதில்லை, வேற நேரத்துல படிச்சுக்கலாம்னு காரணமும் எழுதி வச்சிருக்கார். யுத்தம், ரத்தம், சதின்னு நிறைஞ்ச பகுதிங்க அதெல்லாம். பைபிளுக்கே இந்தக் கட்டுப்பாடுன்னா, ராத்திரி 11 மணிக்கு நாம பார்க்கிற விவாத நிகழ்ச்சிக்கும் கொலை வழக்கு வீடியோவுக்கும் என்ன சொல்லியிருப்பார்? (எலியா கதையும் அதே இராஜாக்கள் புத்தகம்தான். பகல்லயே படிச்சுக்கோங்க!)

மார்ட்டின் லூத்தர் இன்னும் சுருக்கம். 1529-ல வந்த அவரோட சின்ன ஞானோபதேசப் புத்தகத்துல குடும்பங்களுக்கு ராத்திரி ஜெபம் ஒண்ணு கொடுத்திருக்கார். சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம், வேணும்னா ஒரு சின்ன மன்றாட்டு. அது முடிஞ்சதும் சீக்கிரமா, சந்தோஷமா தூங்கப் போகணும்னு சொல்லி முடிச்சிடுறார். 'சந்தோஷமா'ங்கிறது அவரே போட்டது. இதே கிழக்குக் கடற்கரையில தெற்கே இருக்கிற தரங்கம்பாடிக்கு 1706-ல வந்து இறங்கின சீகன்பால்க், அந்த ஞானோபதேசத்தைத் தமிழுக்குக் கொண்டு வந்தார். ஆக, முந்நூறு வருஷமா இந்த யோசனை நம்ம கையில இருக்கு. நாமதான் 40 நிமிஷ வீடியோ தேடிக்கிட்டு இருக்கோம்.

பெனடிக்ட், லூத்தர் ரெண்டு பேரும் ஒரே விஷயத்தைத்தான் பிடிச்சிருக்காங்க. ஜெபம் சின்னதா இருக்கணும். தினமும் அதேதான். அது முடிஞ்சா அன்னைய நாள் முடிஞ்சது. தூக்கம் கொடுன்னு கேட்கிறது அதோட முக்கிய வேலையே இல்லை. அன்னைக்குச் சுமந்ததை இறக்கி வைக்கிறதுதான் வேலை. இறக்கி வச்சவனுக்குத் தூக்கம் வந்தா வரட்டும்.

இப்போ செபமாலைக்கு வருவோம். கத்தோலிக்கக் குடும்பங்கள்ல ராத்திரி செபமாலை எப்படி நடக்கும்னு பார்த்திருக்கீங்களா? பாட்டி பாயில உட்கார்ந்து மணியை உருட்டிக்கிட்டே அருள் நிறை மரியே செபத்தோட முதல் பாதியைச் சொல்வாங்க. மத்தவங்க எல்லாரும் சேர்ந்து ரெண்டாவது பாதி. அவங்க சொல்லி முடிக்கிறதுக்குள்ள பாட்டி மூச்சை இழுத்துக்கிட்டு அடுத்த மணிக்கு ரெடி. பாட்டி சொல்றப்ப மத்தவங்க மூச்சு வாங்குவாங்க. பத்து மணி முடிஞ்சா ஒரு சின்ன இடைவெளி, தனி மணி ஒண்ணு, மறுபடி பத்து. மூணாவது பத்து மணிக்குள்ள சின்னப் பசங்க தலை சாய்ஞ்சிருக்கும்.

பசங்க ஏன் தூங்குறாங்க? போரடிச்சுன்னு நினைப்போம். காரணம் மூச்சுலயும் இருக்கலாம். இத்தாலியில பாவியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூசியானோ பெர்னார்டி குழுவோட ஆய்வு ஒண்ணு 2001 டிசம்பர்ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல வந்தது. ஆரோக்கியமான 23 பேரை லத்தீன்ல அருள் நிறை மரியே செபத்தைச் சொல்ல வச்சு, மூச்சையும் இதயத்துடிப்பையும் அளந்தாங்க. சும்மா இருக்கிறப்ப நமக்கு நிமிஷத்துக்கு 12-ல இருந்து 20 மூச்சு ஓடும். செபம் சொல்றப்ப அது நிமிஷத்துக்குக் கிட்டத்தட்ட 6-ஆ இறங்கிடுச்சு. ரத்த அழுத்தத்துக்கு ஏத்த மாதிரி இதயத்துடிப்பைச் சரி பண்ணிக்கிற உடம்போட ஏற்பாடும் நல்லா வேலை செஞ்சது. ஒருத்தர் பாதி, மத்தவங்க பாதின்னு மாத்தி மாத்திச் சொல்ற முறையிலயே ஒரு செபத்துக்குச் சுமார் 10 செகண்ட், ஒரு மூச்சுங்கிற கணக்கு வந்து உட்கார்ந்துடுது. பௌத்த மந்திரம் ஒண்ணைச் சொல்ல வச்சப்பவும் கிட்டத்தட்ட அதே அளவு வந்தது.

ஒண்ணு தெளிவா சொல்லிடணும். அந்த ஆய்வுல தூக்கத்தை அளக்கலை. மூச்சையும் இதயத்தையும்தான் அளந்தாங்க. தமிழ்ல சொல்றப்ப நேரமும் கொஞ்சம் மாறும். ஆனா, மூச்சு நிதானமானா உடம்பு அடங்கும்ங்கிறது எந்த மருத்துவரும் ஒத்துக்கிற விஷயம். நம்ம பாட்டிங்க மருத்துவ இதழ் எதையும் படிக்காம இதைத் தினமும் பண்ணிக்கிட்டு இருந்தாங்க. நினைச்சாலே பெருமையா இருக்கு.

சி.எஸ்.ஐ., லூத்தரன் சபைக்காரங்க "எங்களுக்குச் செபமாலை கிடையாதே"ன்னு யோசிக்க வேண்டாம். கோயில்ல சங்கீதத்தை ஐயர் ஒரு வசனம், சபையார் ஒரு வசனம்னு மாறி மாறி வாசிக்கிறோம் இல்லையா? வீட்டுல புருஷன் ஒண்ணு, பெண்டாட்டி ஒண்ணுன்னு 4-ஆம் சங்கீதத்தை அப்படி வாசிச்சுப் பாருங்க. எட்டே வசனம். கடைசி வசனமே நிம்மதியாப் படுத்துத் தூங்குறதைப் பத்தித்தான். அவசரம் வேண்டாம். மத்தவர் வாசிக்கிறப்ப மூச்சை விட்டு இழுங்க, போதும். அன்னைக்கு ரெண்டு பேருக்கும் சண்டைன்னா முதல்ல அதைப் பேசி முடிங்க. பொழுது சாயறதுக்குள்ள கோபத்தை விடணும்னு எபேசியருக்கு எழுதின நிருபம் சொல்றது நல்ல வைத்தியமும்கூட.

தனியா இருக்கிறவங்களுக்கும் வழி இருக்கு. லயோலா இஞ்ஞாசியார் சொல்லிக் கொடுத்த ஆன்ம சோதனை. நன்றி சொல்லி ஆரம்பிக்கணும், அப்புறம் வெளிச்சம் கேட்கணும், அன்னைய நாளை மணிவாரியா ஓட்டிப் பார்க்கணும், தப்புக்கு மன்னிப்பு, நாளைக்கு ஒரு தீர்மானம். இதுல வரிசை ரொம்ப முக்கியம். நன்றியை விட்டுட்டு நேரா தப்புக்குப் போனா, கட்டில்ல படுத்துக்கிட்டு நம்மளை நாமே கோர்ட்டுல நிறுத்தி வச்ச மாதிரி ஆயிடும். அப்புறம் எங்க தூக்கம்?

அந்த 'நாளைக்கு'ங்கிற பகுதியை ஒரு பேப்பர்ல எழுதிட்டா இன்னும் நல்லது. அமெரிக்காவுல பேய்லர் பல்கலைக்கழகம் பாப்டிஸ்ட் கிறிஸ்தவர்கள் நடத்துறது. அங்க மைக்கேல் ஸ்கல்லின் குழு 57 இளைஞர்களைத் தூக்க ஆய்வுக்கூடத்துல படுக்க வச்சு ஒரு சோதனை பண்ணி 2018-ல வெளியிட்டாங்க. பாதிப் பேர் படுக்கிறதுக்கு முன்னாடி 5 நிமிஷம், வரப்போற நாள்கள்ல செய்ய வேண்டிய வேலையை எழுதினாங்க. மீதிப் பேர், செஞ்சு முடிச்ச வேலையை எழுதினாங்க. செய்ய வேண்டியதை எழுதினவங்க சுமார் 9 நிமிஷம் சீக்கிரமா தூங்கிட்டாங்க. பட்டியல் எவ்வளவு விவரமா இருந்துச்சோ அவ்வளவு சீக்கிரம் தூக்கம். நம்ம ஊருக்கு இதைச் சொல்லணும்னா: பைபிள் பக்கத்துல ஒரு நோட்டு, ஒரு பேனா. 'ஸ்கூல் ஃபீஸ்', 'அம்மாவுக்கு ஸ்கேன்', 'மேனேஜருக்கு மெயில்'னு ஒவ்வொண்ணா எழுதுங்க. எழுதினதை அப்படியே பேர் சொல்லி ஆண்டவர்கிட்ட கொடுங்க. மொத்தமா "கவலையெல்லாம் நீர் பார்த்துக்கும்"னு சொல்றதை விட இதுல மனசு நிஜமாவே லேசாகும்.

நோட்டு ஏன், போன்லயே எழுதலாமேன்னு கேட்காதீங்க. போன் படுக்கை ரூமுக்கே வேண்டாம். ஜெப ஆப்ஸ் நிறைய இருக்கு, தெரியும். கத்தோலிக்க ஜெப ஆப் 'ஹாலோ' 2024 பிப்ரவரியில அமெரிக்க ஆப்பிள் ஸ்டோர்ல முதலிடத்துக்கே போச்சு. தூங்க வைக்கிற பைபிள் கதை எல்லாம் அதுல உண்டு. நல்ல முயற்சிதான். ஆனா ஜெபத்துக்காகத் திறக்கிற அதே திரையில ஆபீஸ் மெயிலும் ரீல்ஸும் காத்துக்கிட்டு இருக்கே! ஆடியோ கேட்டே ஆகணும்னா ஹால்ல உட்கார்ந்து கேட்டுட்டு, போனை அங்கேயே சார்ஜுக்குப் போட்டுட்டு வாங்க.

டீயையும் சொல்லிடணும். காபி, டீயில இருக்கிற காஃபீன் பாதியாக் குறையவே உடம்புக்குச் சுமார் 5 மணி நேரம் ஆகும். ராத்திரி 8 மணிக்கு டீக்கடையில ஒரு ஸ்ட்ராங் டீ அடிச்சா, நடுராத்திரி தாண்டியும் அதுல பாதி உள்ளேயே ஓடிக்கிட்டு இருக்கும். இதை ஜெபத்தால சரி பண்ணச் சொல்லி ஆண்டவரைத் தொந்தரவு பண்ண வேண்டாம்.

இன்னொண்ணு, கட்டில்ல படுத்துக்கிட்டே மணிக்கணக்கா ஜெபம் பண்ற பழக்கம். "தூக்கம் வர்ற வரைக்கும் சொல்லிக்கிட்டே இரு"ன்னு பெரியவங்க சொல்வாங்க. மருத்துவம் வேற மாதிரி சொல்லுது. நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னாடி தரவேண்டிய முதல் சிகிச்சை, பழக்கத்தையும் எண்ணத்தையும் மாத்துற பேச்சு சிகிச்சைதான்னு அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2016-ல பரிந்துரைச்சது. அதுல முக்கியமான ஒரு விதி, 20 நிமிஷம் போல ஆகியும் தூக்கம் வரலைன்னா எழுந்து வெளிய வந்துடணும். கண்ணு சொக்கினா மட்டும் திரும்பப் படுக்கணும். கட்டில்னாலே புரண்டு படுக்கிற இடம்னு உடம்பு பழகிடக் கூடாதுங்கிறதுக்காக. அதனால ஜெபத்துக்கு ஒரு நாற்காலி போட்டுக்கோங்க. மங்கலா ஒரு விளக்கு. கடிகாரம் கண்ணுல படக் கூடாது. அங்க உட்கார்ந்து சொல்லிட்டு, தூக்கம் தட்டினதும் கட்டிலுக்குப் போங்க.

நைட் ஷிஃப்ட் முடிச்சு வர்றவங்களுக்குக் காலை 7 மணிதான் ராத்திரி. ஜன்னலுக்குக் கெட்டியா ஒரு திரை, அதே மூணு சங்கீதம், அதே வரிசை. ராத்திரி ஜெபம்னு பேர் இருக்கிறதால வெயில்ல சொல்லக் கூடாதுன்னு ஒண்ணும் இல்லை.

ஜெபத்துக்கு நடுவுலயே தூங்கிட்டோமேன்னு குற்ற உணர்ச்சியில குழம்புறவங்களுக்குக் குழந்தை தெரேசாளைச் சொல்லணும். பிரான்ஸ் நாட்டு லிசியே மடத்துக் கன்னியாஸ்திரி, 1897-ல 24 வயசுல இறந்தவங்க, திருச்சபையோட மறைவல்லுநர் பட்டம் பெற்றவங்க. தியான நேரத்துல அடிக்கடி தூங்கிடுவாங்களாம். அதுக்காக வருத்தப்படலைன்னு தன்னோட வாழ்க்கை வரலாற்றுல எழுதியிருக்காங்க. பிள்ளைங்க முழிச்சிருந்தாலும் தூங்கினாலும் பெத்தவங்களுக்குப் பாசம் ஒண்ணுதான்னு அவங்க நினைச்சாங்க. ஒரு புனிதையே அப்படி இருந்தப்ப, ஓ.எம்.ஆர். டிராஃபிக்ல நொந்து வர்ற மனுஷனுக்கு என்ன?

இப்போ கொஞ்சம் கசப்பான விஷயம். நம்ம தூக்கத்துக்காக ஜெபிக்கிற நாமே பக்கத்து வீட்டுக்காரங்க தூக்கத்தைக் கெடுக்கலாமா? முழு இரவு ஜெபம் நல்ல வழக்கம். ஸ்பீக்கர் வச்சுத் தெருவுக்கே கேட்க நடத்துறது நல்ல வழக்கம் இல்லை. சென்னை கே.கே.ஆர். நகர்ல ஒரு பெந்தெகொஸ்தே சபை மேல கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனி நலச்சங்கம் போட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. 2000 ஆகஸ்ட் 30-ல வந்த தீர்ப்பு, மத்தவங்க அமைதியைக் கெடுத்து ஜெபிக்கணும்னோ, ஒலிபெருக்கி வச்சே ஆகணும்னோ எந்த மதமும் சொல்லலைன்னு தெளிவாச் சொல்லிடுச்சு. அதே வருஷம் வந்த ஒலி மாசு விதிப்படி ராத்திரி 10-ல இருந்து காலை 6 வரைக்கும் திறந்த வெளியில ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதியில ராத்திரி 45 டெசிபலைத் தாண்டக் கூடாது. இது எல்லா மதத்துக்கும் பொருந்தும். ஆனா முதல்ல கடைபிடிக்க வேண்டியது நாமதான். பக்கத்து வீட்டுல இருக்கிற கைக்குழந்தையும் ஷிஃப்டுக்குப் போறவரும் நம்ம அயலார்தானே?

கடைசியா, எதெல்லாம் ஜெபத்தோட நிறுத்தக் கூடாதுன்னு சொல்லியாகணும். பலமா குறட்டை, நடுவுல மூச்சு நின்னு திணறி எழுந்துக்கிறது, பகல்ல வண்டி ஓட்டுறப்பவே கண்ணு சொருகுறது, இதெல்லாம் தூக்கத்துல மூச்சடைக்கிற நோயா இருக்கலாம். ஆஸ்பத்திரிக்குப் போகணும். கேளம்பாக்கத்துலயே செட்டிநாடு மருத்துவமனை இருக்கு, செங்கல்பட்டுல அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கு. வாரத்துக்குக் குறைஞ்சது மூணு ராத்திரி தூக்கம் இல்லாம அது மூணு மாசமா நீடிச்சா, அது நாள்பட்ட தூக்கமின்மை. அதுக்கும் டாக்டர்தான். வீட்டுல ஒரு சாவு, ஒரு விபத்து, கடல்ல ஒரு இழப்பு, இதுக்கெல்லாம் பிறகு ராத்திரியைக் கண்டாலே நடுங்குறவங்களுக்கு மனநல ஆலோசனை தேவை. எலியா மாதிரி "செத்துடலாம்"னு தோணுறவங்களுக்கு அன்னைக்கே தேவை.

போதகர்களுக்கும் பங்குத்தந்தையர்களுக்கும் ஒரு வேண்டுகோள். "ஐயா, தூக்கம் வரலை"ன்னு ஒருத்தர் வந்து நின்னா, தலையில கை வச்சு ஜெபிங்க, கண்டிப்பா ஜெபிங்க. அதோட குறட்டை உண்டா, என்ன ஷிஃப்ட், எத்தனை டீ, வீட்டுல என்ன துக்கம்னும் கேளுங்க. கேட்டுட்டு, மத்திய அரசோட டெலி மானஸ் மனநல உதவி நம்பரை ஒரு சீட்டுல எழுதிக் கையில கொடுங்க: 14416. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழ்லயே பேசலாம். பத்து பேருக்கு அனுப்பணும்னா இதை அனுப்புங்க, ராத்திரி 9 மணிக்குள்ள.